கிட்டாரின் முதுகைத் திறந்தோம்!

மின்சாரம் போனது. கிட்டார் வாயை மூடியது.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். புனேயில் கோத்ருட் பகுதி, அக்கா மகன் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீடு, வெளியே ஜூலை மழை. மூன்று நாளாக அவனுடைய எலெக்ட்ரிக் கிட்டார் ‘உம்ம்ம்’ என்று ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அதோடு இணைத்திருந்த ஆம்ப் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. ஆகவே கரண்ட் போன பிறகும் அது உயிரோடுதான் இருந்தது. உம் மட்டும் இல்லை. அவன் ஒரு கம்பியைச் சுண்டினான். புளி போட்டுத் துலக்கிய வெண்கலப் பாத்திரம் மாதிரி ஒரு சுரம்! பின்னால் மழைச் சத்தம், வேறொன்றும் இல்லை.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் ‘உம்ம்ம்’. மின்விசிறியின் இறக்கை அசைவதற்கு முன்பே, கரண்ட் வந்த செய்தியைக் கிட்டார் சொல்லிவிட்டது.

“பாத்தீங்களா சித்தி? வீட்டு வயர்லேர்ந்துதான் வருது. ஆனா பழைய பிக்கப் இருந்தப்ப இப்படி வரலையே!”

அந்த ‘ஆனா’வுக்குள் ஒரு துப்பறியும் கதையே ஒளிந்திருந்தது. ஹிஞ்ஜேவாடியில் கணினி வேலை பார்க்கிற பையன், வார இறுதியில் நண்பர்களோடு சேர்ந்து வாசிப்பவன். சனிக்கிழமை ஒரு சின்ன மேடை இருந்தது. அதற்கு முன்னால் சத்தத்துக்குக் கொஞ்சம் காரம் சேர்க்கலாமென்று பிக்கப்பை மாற்றினான். அன்றிலிருந்து இந்த முனகல். விடுமுறைக்குப் போன நான் இரண்டு நாள் அவன் பின்னாலேயே அலைந்தேன். மேடையில் நாம் பார்ப்பது கிட்டாரின் முகத்தை. நான் பார்த்தது அதன் முதுகை. அந்த ஆனந்தத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதுகில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, நான்கு திருகு. கழற்றினால் உள்ளே ஒரு குழி. வால்யூமுக்கு இரண்டு, டோனுக்கு இரண்டு என்று வட்டமான நான்கு கன்ட்ரோல்கள், ஆரஞ்சு மிட்டாய் போல இரண்டு கெப்பாசிட்டர்கள், சில வயர்கள். அவ்வளவுதான்! பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. ஒரு கூட்டத்தையே எழுந்து ஆட வைக்கிற வாத்தியத்தின் வயிற்றில் இருப்பது பழைய வால்வு ரேடியோக்காரர் பார்த்தவுடனே புரிந்துகொள்ளக்கூடிய சாமான்கள். 1950களில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இன்றும்.

அற்புதமெல்லாம் பிக்கப்பில்தான். கம்பிகளுக்கு நேர் கீழே, ஒரு காந்தம். அதைச் சுற்றி தலைமுடி அளவே பருமனுள்ள செம்புக் கம்பி. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரிக் கிட்டார்களில் ஒரு பிக்கப்புக்கு ஏறத்தாழ 8,000 சுற்று! கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் அசைகிறது. புலம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதி. காவிரியில் மேட்டூர் அணை மின் நிலையத்தில் வேலை செய்கிற விதியும் இதுதான். அங்கே ஆறு சுழற்றுகிறது, இங்கே விரல் சுண்டுகிறது.

சிக்கலும் அங்கேயேதான். சுருளுக்குக் கண் கிடையாது. அசையும் காந்தப் புலம் எங்கிருந்து வந்தாலும் அது பாடும். நம் சுவருக்குள் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடி வருகிறது. அந்த ஒவ்வொரு வயரைச் சுற்றியும், ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியும் புலம் விரிந்து சுருங்குகிறது. சுருள் அதையும் கேட்டு ஆம்புக்குச் சொல்லிவிடுகிறது. அதுதான் அந்த ‘உம்’.

இந்த உம்முக்கு ஒரு சுருதி இருக்கிறது என்று தெரிந்தபோது நான் கைதட்டிவிட்டேன். 50 ஹெர்ட்ஸ் என்பது மேற்கத்திய ‘ஜி’ சுரத்துக்கு மிக அருகில், இம்மி தூக்கலாக இருக்கிறது. அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே வரும். கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் (வீணையில் மெட்டு என்போமே, அது) அழுத்தினால் கிடைப்பது 98 ஹெர்ட்ஸ். அதை மெதுவாகச் சுண்டிவிட்டுக் காத்திருங்கள். கம்பியின் 98, கரண்டின் 100, இரண்டும் உரசி நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். வீட்டு மின்சாரத்தோடு ஒரு ஜுகல்பந்தி! அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே உம்மின் சுருதியே வேறு.

தம்புராவின் ரீங்காரத்துக்காகத் தவம் கிடக்கிற ஊர் புனே. 1953இல் பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாகத் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவுக்கு டிசம்பர் குளிரில் போர்வையோடு வந்து உட்கார்ந்து கேட்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2010இல் என்.எச்.7 வீக்எண்டர் என்ற பெரிய ராக் திருவிழா பிறந்ததும் இதே ஊரில்தான். ஒரு மேடையில் ரீங்காரம் உயிர். மறு மேடையில் ரீங்காரம் தொல்லை. இரண்டுக்கும் ஒரே நகரம்.

சரி, கதைக்கு வருகிறேன். முனகல் தொடங்கியதும் பையன் என்ன செய்தான் தெரியுமா? செம்புத் தாள் டேப் வாங்கி, முதுகுக் குழி முழுக்க, மூலை முடுக்கு விடாமல் ஒட்டினான். பொற்கூரை வேய்ந்தது போலத் தகதகவென்று இருந்தது. மூன்று இரவு வேலை. ஒட்டிய தாளை எர்த் வயரோடும் ஒழுங்காகச் சேர்த்திருந்தான். உம் ஓர் அணுவும் குறையவில்லை.

பாவம் என்று உடன் வாசிக்கும் நண்பன் ஒருவன் யோசனை சொன்னான்: “மேடை ஆம்பின் பிளக்கில் இருக்கிற பெரிய பின்னை எடுத்துவிடு. நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.” அந்த யோசனையைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

மறுநாள் காலை புத்வார் பேட்டுக்குப் போனோம். தக்டூசேட் கணபதி கோயில் பக்கம், தப்கீர் கல்லி என்று ஒரு சந்து. மராத்தியில் தப்கீர் என்றால் மூக்குப்பொடி. மூக்குப்பொடிச் சந்து! சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு என்றால் எப்படியோ அப்படி, புனேக்காரர்களுக்கு இது. சுவிட்ச், வயர் சுருள், சர விளக்கு, ரெசிஸ்டர், பொட்டலம் பொட்டலமாக டயோடு. குடையை மடக்க இடமில்லை. ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் ஈயமும் வாங்கிக்கொண்டு, கடைக்காரரே வழி சொன்ன ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனோம்.

அவரைக் காகா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஒரு கதவு அகலத்துக்கு ஒரு பட்டறை. சுவர் அலமாரியில் திறந்த வயிற்றோடு இரண்டு ஆம்ப், ஓர் ஆர்மோனியம், ஒரு வால்வு ரேடியோ. மேசையில் ஈயம் சொட்டிச் சொட்டி நட்சத்திர வானம் மாதிரி ஆகியிருந்த பலகை. பையன் கிட்டாரை எடுத்ததுமே முதுகு மூடியில் கை வைத்தான்.

“தாம்ப், பாளா,” என்றார் காகா. நில்லு, குழந்தே. “முதலில் அது என்ன சொல்கிறது என்று கேட்போம். திறப்பதெல்லாம் பிறகு.”

அடுத்த கால் மணி நேரம் நான் பார்த்தது கைநாடி பார்க்கிற வைத்தியம். ஒரு திருகைக்கூட அவர் கழற்றவில்லை!

முதலில் கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைத்தார். உம் அடியோடு நின்றது. பையனைப் பார்த்துத் தலையசைத்தார். வால்யூமை மூடினால் நிற்கிறது என்றால் கோளாறு அதற்கு முன்னால், பிக்கப் பக்கத்தில். நிற்கவில்லை என்றால் அதற்குப் பின்னால்: ஜாக், கேபிள், ஆம்ப். கேபிளும் ஆம்பும் ஒரே விநாடியில் நிரபராதி ஆகிவிட்டன. எத்தனை பேர் இதைச் செய்யாமல் புதுக் கேபிள் வாங்கியிருப்பார்கள்!

அடுத்து, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சைத் தட்டினார். கழுத்துப் பக்கத்துப் பழைய பிக்கப்புக்கு மாறியதும் அமைதி. பிரிட்ஜ் (கம்பிகள் உட்காரும் குதிரை) பக்கத்துப் புதுசுக்கு வந்ததும் உம். ஆக, எர்த், சுவிட்ச், குழி எல்லாம் சேர்ந்து செய்த குற்றம் இல்லை. புதுசு தனியாகச் செய்வது.

பிறகு பையனைக் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். உம்மோடு ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய ‘கிர்ர்’ மட்டும் அடங்கியது. உம் அப்படியே இருந்தது.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் உடம்பு ஓர் ஏரியல். வீட்டு வயர்களின் மின் புலத்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்திருக்கும் கிட்டாருக்கே கொடுத்துவிடும். ஆனால் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஒரு வயரால் எர்த்தோடு இணைந்திருப்பதால், தொட்ட மாத்திரத்தில் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. ஏரியலாக இருந்த நாமே கேடயமாக மாறிவிடுகிறோம்! ஆகவே தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் கம்பியின் எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருள். கம்பியைத் தொட்டால் குறையாமல், கேபிளின் உலோக முனையைத் தொட்டால் மட்டும் குறைந்தால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கிறது. பிக்கப் மாற்றும் அவசரத்தில் இது அடிக்கடி நடக்கும். தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால், ஜாக்கிலோ பிக்கப்பிலோ எர்த்தும் சிக்னலும் இடம் மாறிவிட்டன. விரல் ஒன்றே மீட்டர்.

நான்காவது சோதனையில்தான் நான் குழந்தையாகிவிட்டேன். பையனைச் சுழலும் முக்காலியில் உட்கார வைத்து, கிட்டாரோடு மெல்லச் சுற்றச் சொன்னார். கிழக்கே பார்த்தால் உம் பெரிதாகிறது. தெற்கே திரும்பத் திரும்பத் தேய்கிறது. ஒரு திசையில் ஏறக்குறைய இல்லவே இல்லை! இன்னும் திரும்பினால் மறுபடி வளர்கிறது. கிட்டார் ஒரு திசைகாட்டி. சுருளின் முகம் புலத்துக்கு நேராக நின்றால் நிறைய கேட்கும், பக்கவாட்டில் நின்றால் கேட்காது. அந்த அறையில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருந்த காந்தப் புலத்தின் வடிவத்தைக் காதால் தடவிப் பார்த்த மாதிரி இருந்தது.

செம்புத் தாள் ஏன் தோற்றது என்பதும் அங்கேயே விளங்கியது. இரைச்சலில் இரண்டு சாதி. டியூப் லைட், டிம்மர் போன்றவற்றிலிருந்து மின் புலமாக வரும் ‘கிர்ர்’ ஒன்று. அதைச் செம்புத் தாள் தடுக்கும், ஃபாரடே கூண்டு என்பது இதுதான். காந்தப் புலமாக வரும் 50 ஹெர்ட்ஸ் ‘உம்’ இன்னொன்று. மெல்லிய செம்பு அதற்கு வலை போட்ட சன்னல். காற்று மாதிரி உள்ளே வந்துவிடும். பையன் மூன்று இரவு உழைத்து ‘கிர்’ருக்குக் கதவு சாத்தினான். உம் அவனைக் கடந்து வந்துகொண்டே இருந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கோடத் நினைவு வந்தது. புனேயிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர், நாராயண்காவ் பக்கத்து கிராமம். அங்கேதான் ஜி.எம்.ஆர்.டி. என்ற மாபெரும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது: ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள், 25 கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து நிற்கின்றன. அதைக் கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். நம் ஊட்டியில், முத்தோரை மலைச் சரிவில், 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியை 1970இல் எழுப்பியவரும் அவரே. கோடத்தில் அண்டத்தின் மூலையிலிருந்து வரும் மிக மெல்லிய குரலைக் கேட்க முயலும்போது குறுக்கே வருவனவற்றில் ஒன்று, வயல் நடுவே போகும் மின்கம்பிகள் உண்டாக்கும் இரைச்சல். அதைக் கண்டுபிடித்து வடிகட்டப் பொறியாளர்கள் தனி ஏற்பாடே செய்திருக்கிறார்கள். நன்றாகக் கேட்கத் தெரிந்த காதுக்கு மின்சாரம் எங்கே போனாலும் தொந்தரவுதான், கோடத்துக் கிண்ணமானாலும் கோத்ருட் கிட்டாரானாலும். ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தை ஒட்டி அங்கே பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். ராமன் விளைவின் நினைவு நாள் அது. தம்புரா, வீணையின் குதிரையைப் பற்றி 1921இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவரும் அதே சி.வி. ராமன் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

காகாவின் மேசைக்குத் திரும்புவோம். சுற்றும்போது உம் கூடிக் குறைவதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

“இது இரட்டைச் சுருள் பிக்கப்தானே?”

“ஆமாம் காகா, ஹம்பக்கர்.”

“ஹம்பக்கர் இப்படி ஆடாது.”

அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கு முடிந்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன், இதுதான் இந்தக் கதையின் மிக அழகான பகுதி.

உம்மை ஒழிக்கவென்றே பிறந்தது ஹம்பக்கர். அமெரிக்காவில் கலாமசூ என்ற ஊரில், கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் என்ற பொறியாளரின் யோசனை. ஆம்ப்களுக்குள் உம்மைக் குறைக்க எதிரெதிர் சுருள்களைப் பயன்படுத்துவதை அறிந்தவர் அவர். அதையே பிக்கப்புக்குக் கொண்டுவந்தால் என்ன? 1955 ஜூன் 22இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959 ஜூலை 28இல் கிடைத்தது. நடுவில் இருந்த ஆண்டுகளில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்று ஒரு குட்டி ஸ்டிக்கரைப் பிக்கப்பின் அடியில் ஒட்டி விற்றார்கள். அந்த ஸ்டிக்கர் உள்ள பிக்கப் கிடைத்தால் இன்று சேகரிப்பாளர்கள் சொத்தையே எழுதிவைப்பார்கள்.

தந்திரம் இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுருள். ஒன்றின் காந்தம் வடக்கு, மற்றதன் காந்தம் தெற்கு. ஒன்றைச் சுற்றிய திசைக்கு எதிராக மற்றது இணைக்கப்பட்டிருக்கும். கம்பியின் ஒலி காந்தத்தால் ஒரு முறை புரளுகிறது, சுருளின் திசையால் மறு முறை புரளுகிறது. இரண்டு முறை புரண்டதால் நேராகிவிடுகிறது. ஆகவே இரண்டு சுருளின் ஒலியும் ஒன்றுகூடிப் பெரிதாகிறது. ஆனால் சுவரிலிருந்து வரும் உம்முக்குப் பிக்கப்பின் காந்தம் எப்பக்கம் இருந்தால் என்ன? அது ஒரே ஒரு முறைதான் புரளுகிறது. ஒரு சுருளில் ஏறும்போது மற்றதில் இறங்குகிறது. கூட்டினால் பூஜ்யம்! எதிரியை விரட்டவில்லை, மறிக்கவில்லை. இரண்டு முறை வரவழைத்து ஒன்றோடொன்று மோதவிட்டார் சேத் லவர். இதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது.

இந்தக் கணக்கு நடக்க இரண்டு சுருளும் வேலை செய்ய வேண்டும்.

காகா ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தார். பிக்கப்பின் மேல் இரண்டு வரிசை இரும்பு முனைகள். திருகு தெரியும் வரிசையைத் தட்டினார்: ஆம்பில் ‘டொக்!’ அடுத்த வரிசையைத் தட்டினார்: எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போல ‘தொக்’. மறுபடி ‘டொக்!’, மறுபடி ‘தொக்’. எனக்கே புரிந்துவிட்டது. ஒரு சுருள் தூங்குகிறது.

மல்டிமீட்டரைக் கேபிளின் முனையில் வைத்தார், கிட்டாரைத் திறக்காமலேயே. 8 கிலோ ஓம் அளவில் இருக்க வேண்டிய இடத்தில் 4 காட்டியது. சரிபாதி.

இப்போதுதான் முதுகு மூடி திறந்தது. செம்புத் தாளின் பளபளப்பைப் பார்த்து, “என்ன அழகாக ஒட்டியிருக்கிறாய்!” என்று மனதார மெச்சினார். பிறகு பிக்கப்பிலிருந்து வரும் வயர்களைத் திருப்புளி நுனியால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை, மூடாத வெற்று வயர் ஒன்று.

“கலர் பாத்துத்தான் வெச்சேன் சித்தி,” என்றான் பையன் என்னிடம், ரகசியக் குரலில். “பழைய சிவப்பு இருந்த எடத்துல புது சிவப்பு. பழைய பச்சை இருந்த எடத்துல புது பச்சை. ஒண்ணுகூட மாத்தலை.”

அதுதான் விஷயமே! பழைய பிக்கப் டிமார்ஸியோ. புதியது சீமோர் டங்கன். இரண்டு வீட்டாரும் அதே நான்கு நிறங்களைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வேறு வேறு இலக்கணத்தில். டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல். கறுப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேர வேண்டும். பச்சையும் வெற்று வயரும் எர்த். சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல். சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேர வேண்டும். பச்சையும் வெற்று வயரும் எர்த். இரண்டுமே சரி. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல் வேறு பொருளில் வருவதில்லையா, அது மாதிரி.

டங்கன் பிக்கப்பில் கறுப்பும் வெள்ளையும் ஒரே சுருளின் இரண்டு நுனிகள். பையன் அவற்றைச் சேர்த்து ஈயம் வைத்து, அழகாக டேப் சுற்றி ஒதுக்கிவிட்டான். அந்தச் சுருள் தன் வாலைத் தானே கடித்த பாம்பாகச் சுருண்டுவிட்டது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மற்றச் சுருள் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. உம்மை அடக்கக் கூடவே பிறந்த துணை உறங்கிவிட்டதால், அறையில் இருந்த உம் முழுக்க அதன் வழியே வந்தது. ஒலி மெலிந்து போனதும் அதனால்தான். காரம் சேர்க்கப் போன பையன், ‘புதுசு அவ்வளவு காரமா இல்லையே’ என்று முதல் நாளே சொல்லியிருந்தான்.

மாற்றுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கறுப்பைப் பிரித்துச் சிவப்பு இருந்த இடத்தில் வைத்தார். சிவப்பையும் வெள்ளையையும் முறுக்கி ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூட்டில் சுருக்கினார். பச்சையும் வெற்று வயரும் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஏற்கெனவே இருந்தன; ஆனால் அந்த ஈயத்தை நகத்தால் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். மங்கிய சாம்பல் நிறம், மேலே உட்கார்ந்த மாதிரி ஓர் உருண்டை. கன்ட்ரோலின் உலோக முதுகு சூட்டை உறிஞ்சிவிடும். பையன் வைத்திருந்த 25 வாட் சால்டரிங் இரும்பு அதற்குப் போதாது. காகா தன் 60 வாட் இரும்பை வைத்து, தளத்தையே சூடாக்கி, ஈயம் தண்ணீர் மாதிரிப் பரவும் வரை பொறுத்தார். எடுத்ததும் அது கண்ணாடி மாதிரி மின்னியது. நல்ல பற்று பரவும், கெட்ட பற்று உருளும் என்று சொல்லிக் கொடுத்தார். இதைப் பையன் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான்.

மீட்டர்: 8.

ஆம்பைப் போட்டார். முக்காலியில் உட்கார்ந்து பையன் சுற்றினான், கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. எந்தத் திசையிலும் உம் இல்லை. தெருவில் ஆட்டோ ஹாரன், பக்கத்துக் கடையில் யாரோ பேரம் பேசுகிற சத்தம், எல்லாம் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தன. பிறகு அவன் வாசித்தான். வால்வு ரேடியோ அலமாரியில் அதிர்ந்தது!

ஹம்பக்கர் இல்லாத கிட்டார்க்காரர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. மூன்று ஒற்றைச் சுருள் உள்ள கிட்டார்கள் பலவற்றில் நடு பிக்கப் எதிர்க் காந்தம், எதிர்ச் சுற்றோடு இருக்கும். அதனால் சுவிட்ச் 2ஆம், 4ஆம் இடத்தில் நிற்கும்போது பக்கத்துச் சுருளோடு சேர்ந்து உம்மை அடக்கும். அந்த நடு பிக்கப்பை மாற்றும்போது அதே வகை வாங்காவிட்டால், அந்த இரண்டு இடங்களின் அமைதியும் போய்விடும். தனியாக ஒற்றைச் சுருள் முனகுவதோ அதன் இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்து நல்ல பிக்கப்பைக் கழற்றிப் போட வேண்டாம்.

கிளம்பும்போது, நண்பன் சொன்ன பிளக் யோசனையைப் பையன் காகாவிடம் சொன்னான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் இரும்பைக் கீழே வைத்துவிட்டார். “உன் கம்பிகள் எதோடு சேர்ந்திருக்கின்றன? ஆம்பின் உடம்போடு. ஆம்பின் உடம்பு எதோடு? அந்தப் பெரிய பின்னோடு. அதை எடுத்தால் உன் விரலுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. 1972 மே மாதம், வேல்ஸில் ஸ்வான்சீ நகரத்து மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

சனிக்கிழமை மேடைக்கு அவன் கிட்டாரோடு மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு போனான். ஒலிபெருக்கிகளைச் சோதிக்கும் முன்பே மேடைப் பலகையின் பிளக் பாயின்ட்டைச் சோதித்தான். மைக்கின் வலைக்கும் கிட்டார்க் கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்து வோல்ட் பார்த்தான். பூஜ்யத்தை ஒட்டியே காட்டியது. அதற்குப் பிறகுதான் தோளில் மாட்டினான்.

உங்கள் வீட்டிலும் கிட்டார் வாசிக்கிற பிள்ளை இருந்தால், பிக்கப் மாற்றும் முன் பழைய வயரிங்கைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; புதுப் பெட்டிக்குள் வரும் வரைபடத்தில் நிறங்களைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். முனகினால் முதலில் வால்யூமை மூடி, கம்பியைத் தொட்டு, முக்காலியில் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்றைக்கே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த ஆம்பின் பிளக்கை எடுத்துப் பாருங்கள். மூன்று பின்னும் இருக்கிறதா, நீங்கள் மாட்டும் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கும் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வாசிக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.